"நீங்கள் அவன் இல்லை": வெட்டிய வரியைத் திருப்பிக் கேட்டு ஒரு திறந்த மடல்

தொகுப்பாசிரியர் ஐயா அவர்களுக்கும் பதிப்புக் குழுவினருக்கும்,

ரஷ்யப் பெண் எழுத்துகளின் தமிழ்த் தொகை நூலுக்கான மெய்ப்பைப் போன வாரம் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தீர்கள். "ஒரு தடவை பார்த்துட்டு ஓகே சொல்லிடுங்கம்மா" என்று கூடவே ஒரு குரல் பதிவு. பார்த்தேன். ஓகே சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைத் தொலைபேசியில் இரண்டு முறை சொல்லிவிட்டேன். இரண்டு முறையும் "இதைப் பெரிசு பண்ணாதீங்க" என்ற பதில்தான் வந்தது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மெய்ப்பின் 143-ஆம் பக்கத்தில் மரீனா ஸ்வெத்தாயெவாவின் கவிதை ஒன்று இருக்கிறது. 1914 அக்டோபரில் எழுதியது, 'தோழி' என்ற கவிதை வரிசையில் முதலாவது. நான் கொடுத்த பிரதியில் அது இப்படித் தொடங்கும்:

"மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? சொல்ல மாட்டீர்கள்! எங்கே!
அதுவே நல்லது, போகட்டும்!
எத்தனையோ பேரை முத்தமிட்டிருப்பீர்கள் போல,
அதனால்தான் இந்தத் துயரம்.

ஷேக்ஸ்பியரின் சோக நாயகிகள் எல்லோரையும்
உங்களில் பார்க்கிறேன்."

மெய்ப்பில் 'நீங்கள்' எல்லாம் 'நீ' ஆகிவிட்டது. 'நாயகிகள்' இருந்த இடத்தில் 'நாயகர்கள்'. கடைசி நான்கு வரிகள் அடியோடு இல்லை. அந்த நான்கு வரிகளில்தான் ஸ்வெத்தாயெவா, தன் உடம்பில் ஓடும் நடுக்கத்துக்காகவும், இது கனவுதானோ என்ற திகைப்புக்காகவும், ஒரு முரண்நகையான வசீகரத்துக்காகவும் எதிரில் இருப்பவரை நேசிப்பதாகச் சொல்லி முடிக்கிறார். அது என்ன வசீகரம் என்பதைக் கடைசிச் சொற்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். ரஷ்ய மூலத்தில் மூன்றே சொல்: வீ நே ஓன். "நீங்கள் அவன் இல்லை."

கவிதை முழுவதும் அந்த மூன்று சொல்லை நோக்கித்தான் நடந்து வருகிறது. அதை வெட்டிவிட்டு மேலே உள்ளதை மட்டும் அச்சடித்தால், எவனோ ஒருவனைப் பார்த்து ஏங்கும் நூற்றில் ஒரு காதல் கவிதை ஆகிவிடும். அப்படி ஆக வேண்டும் என்றுதான் வெட்டினீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

'நீங்கள்' என்பதை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "தமிழ்ல காதலியை யாரும் நீங்கன்னு கூப்பிட மாட்டாங்கம்மா" என்றார் உங்கள் உதவியாசிரியர். சரி, அவர் சொல்வது பொதுவாக உண்மைதான். ஆனால் ரஷ்ய மொழியிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் இரண்டும் உண்டு. ஸ்வெத்தாயெவா யோசித்துத்தான் 'நீங்கள்' போட்டார். அவருக்கு அப்போது 22 வயது. திருமணமாகி, இரண்டு வயதில் மகளும் இருந்தாள். அந்த மாதம்தான் மாஸ்கோவில் கவிஞர் அதெலைதா கெர்த்சிக்கின் வீட்டில் சோஃபியா பர்னோக்கைச் சந்தித்திருந்தார். பர்னோக்குக்கு 29 வயது, கவிஞர், விமர்சகர், திருமணம் ஒன்றைச் செய்து முறித்துக்கொண்டு வந்தவர். தன்னைவிட மூத்த, அனுபவம் கூடிய, இன்னும் முழுதாகப் பழகாத ஒரு பெண்ணிடம் 22 வயதுக்காரி பேசுகிற மரியாதையும் பயமும் அந்த 'நீங்கள்'-இல் இருக்கின்றன. தமிழில் அது அப்படியே வரும் என்று கண்டபோது நான் எழுந்து வீட்டுக்குள் இரண்டு நடை நடந்தேன். ஒரு சொல் இவ்வளவு சுலபமாக ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு வருவது எங்கள் வேலையில் அபூர்வம். அதைத்தான் 'நீ' என்று அடித்துத் திருத்தியிருக்கிறீர்கள்.

இன்னொரு கவிதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் இருவரும் பழைய ரஸ்தோவ் நகரத்துக்குப் போகிறார்கள். கிறிஸ்துமஸ் சந்தை. அந்தப் பயணத்தை 1915 ஜனவரியில் ஸ்வெத்தாயெவா எழுதுகிறார். உங்கள் சாம்பல் நிற ரோமக் கோட்டிலும் என் சேபிள் ரோமக் கோட்டிலும் பனித்துகள் மின்னியது, இருப்பதிலேயே பளிச்சென்ற ரிப்பனைத் தேடிச் சந்தையெல்லாம் அலைந்தோம், ரோஸ் நிறத்தில் இனிப்பே இல்லாத வேஃபர் ஆறு தின்றேன், உங்களை நினைத்து வழியில் பார்த்த செம்பழுப்புக் குதிரை ஒவ்வொன்றிடமும் உருகினேன் என்று போகும். பர்னோக்கின் தலைமுடி செம்பட்டை. குதிரைகளின் நிறத்துக்கு அதுதான் கணக்கு. அப்புறம் அந்த எனாமல் பூ வைத்த ப்ரூச். பர்னோக் அவர் தலையைத் தன் மார்போடு அணைக்கும்போது ப்ரூச்சின் பூ உதட்டில் சில்லென்று படுகிறது. கடைசியில், "என்னைப் பையன் என்று நீங்கள் கேலி செய்ததும், அப்படியே என்னை உங்களுக்குப் பிடித்துப்போனதும்" என்று முடியும்.

இந்தக் கவிதையைப் பற்றி நீங்களே என்னிடம் பேசினீர்கள், ஐயா. "பையன்னு வருதே, அப்போ பேசறது ஆண்தானே? நீங்கதான் வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்க" என்றீர்கள். ரஷ்ய மொழியில் இறந்தகால வினைமுற்று, தன்மையில் வந்தாலும்கூட, பேசுபவர் ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். உங்கள் மெல்லிய விரல்களில் தூக்கக் கலக்கத்தோடு என் கன்னத்தை உரசினேன் என்ற வரியில் 'உரசினேன்' என்பதற்கு ஸ்வெத்தாயெவா போட்டிருப்பது பெண்பால் வடிவம். தமிழில் 'உரசினேன்' என்பதற்குப் பால் கிடையாது. மூலத்தில் வெளிப்படையாக இருப்பது நம் மொழிக்கு வந்ததும் தானாகவே மறைந்துவிடுகிறது. இதனால்தான் ஒவ்வொரு கவிதைக்கும் அடியில் இரண்டு வரிக் குறிப்பு கொடுத்திருந்தேன். அந்தக் குறிப்புகளையும் மெய்ப்பில் காணோம். பெண்பாலில் எழுதுகிற ஒருத்தியை இன்னொரு பெண் செல்லமாகப் பையன் என்று அழைக்கிறாள் என்பதுதான் அங்கே இருப்பது. நான் எதையும் 'எடுத்துக்கொள்ளவில்லை'. இலக்கணத்தைப் படித்தேன்.

இலக்கணத்தின் இந்தக் கெடுபிடி ரஷ்யப் பெண் கவிஞர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மெய்யியலாளர் விளதீமிர் சொலவியோவின் தங்கை பொலிக்சேனா சொலவியோவா, 'அலெக்ரோ' என்ற புனைபெயரில் ஆண்பால் வினைகளை வைத்துக் கவிதை எழுதினார். நத்தாலியா மனசேயினா என்ற பெண்ணோடு வாழ்ந்து, இருவருமாகக் குழந்தைகளுக்கு 'திரப்பீன்கா' என்ற பத்திரிகையும் நடத்தினார்கள். குழந்தைகள் பத்திரிகை என்பதைக் கவனியுங்கள். ஸ்வெத்தாயெவாவோ அந்த ஆண்பால் முகமூடி வேண்டாமென்று பெண்பாலிலேயே எழுதியவர். இந்தத் தேர்வுகளில்தான் வரலாறு இருக்கிறது.

"இதெல்லாம் மேல்நாட்டு ஆய்வாளர்கள் பின்னாடி ஏத்திச் சொன்னது, ரஷ்ய இலக்கியத்துல அப்படி எதுவும் கிடையாது" என்பது நீங்கள் சொன்ன இரண்டாவது காரணம். இதற்குத்தான் என்னால் அமைதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. லீதியா சினோவியெவா-அன்னிபாலின் 'முப்பத்து மூன்று விகாரங்கள்' குறுநாவலை முழுதாக எடுத்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்கள். ஆதாரத்தை மேசையிலிருந்து அகற்றிவிட்டு, ஆதாரம் எங்கே என்று கேட்பது நியாயமா?

அந்தக் குறுநாவல் 1907-இல் பீட்டர்ஸ்பர்கில் 'ஓரி' பதிப்பக வெளியீடாக வந்தது. அது சினோவியெவா-அன்னிபாலின் கணவர், கவிஞர் வியாச்செஸ்லாவ் இவானோவ் நடத்திய பதிப்பகம். தாவ்ரிச்செஸ்கயா தெருவில் அவர்கள் குடியிருந்த மேல்தள வீட்டுக்குக் 'கோபுரம்' என்று பெயர். 1905-இலிருந்து புதன்கிழமை தோறும் அங்கே கவிஞர்கள் கூடினார்கள். 1905 புரட்சியின் அழுத்தத்தில் ஜார் அரசு முன்தணிக்கையைத் தளர்த்தியிருந்த சமயம் அது. 1906-இல் மிகயீல் குஸ்மீனின் 'சிறகுகள்' ஆண்களுக்கிடையேயான காதலைப் பேசி வெளியானது. அடுத்த ஆண்டே இது. தணிக்கை அதிகாரிகள் புத்தகத்தைப் பறிமுதல் செய்தார்கள், பிறகு சீக்கிரமே தடையை விலக்கிக்கொண்டார்கள். ஜார் ஆட்சியின் தணிக்கைக்காரர்களே விட்டுவிட்ட புத்தகத்தை 2020-களில் தமிழில் நீங்கள் நிறுத்தி வைக்கிறீர்கள். எழுதி முடிக்கும்போது எனக்கே நம்ப முடியாத வாக்கியம் இது.

கதையைப் பற்றி "ஆபாசம்" என்ற சொல்லைப் பயன்படுத்தினீர்கள். வாசகர்கள் தீர்மானிக்கட்டும். வேரா ஒரு நாடக நடிகை. திருமணம் நிச்சயமாகியிருந்த ஓர் இளம்பெண்ணை அவள் தன்னோடு கூட்டி வந்துவிடுகிறாள். கதை அந்த இளம்பெண்ணின் நாட்குறிப்பாக நடக்கிறது. அவளுக்குக் கதை முழுவதும் பெயர் இல்லை. வேரா அவள் அழகை வழிபடுகிறாள். கூடவே அந்த அழகு நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கிறது என்ற அச்சம் அவளைத் தின்கிறது. அழகு அழியக்கூடாது, எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, 33 ஓவியர்கள் அவளை வரைய ஒப்புக்கொள்கிறாள். படங்கள் முடிந்து பார்த்தால், ஒவ்வொருவனும் தன் தன் காதலியை வரைந்து வைத்திருக்கிறான். வேரா பார்த்த பெண் ஒரு படத்திலும் இல்லை. 33 விகாரங்கள். அந்த இளம்பெண்ணோ மெல்ல மெல்ல அந்தப் படங்களில் இருப்பதுதான் தான் என்று நம்பத் தொடங்கிவிடுகிறாள். வேரா விஷம் குடித்துச் சாகிறாள்.

கதையில் ஒரு கொச்சைச் சொல் கிடையாது. ஒரு பெண்ணின் பார்வைக்கும் 33 ஆண்களின் பார்வைக்கும் நடுவில் ஒருத்தி தன்னை இழந்துபோகிறாள் என்பதுதான் கதை. எனக்கு இந்தக் கதையில் குறையும் தெரிகிறது. வேரா ஓயாமல் நாடக வசனம் பேசுகிறாள், சில பக்கங்கள் மூச்சுமுட்டுகின்றன. பிரெஞ்சு இலக்கியத்தின் சாயல் உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். அந்தக் காலத்து ரஷ்ய எழுத்து எதில்தான் அது இல்லை? ரஷ்ய இலக்கியத்தில் பெண்ணுக்குப் பெண் மேல் வரும் காதலை வெளிப்படையாக மையத்தில் வைத்த முதல் படைப்பு இதுதான். ரஷ்யப் பெண் எழுத்துத் தொகை என்று அட்டையில் போட்டுக்கொண்டு இதைத் தவிர்க்க முடியாது. சினோவியெவா-அன்னிபால் அதே 1907 அக்டோபரில் செங்காய்ச்சலில் இறந்துபோனார். தன் எழுத்துக்காக வாதாட அவருக்கு ஓர் ஆண்டுகூடக் கிடைக்கவில்லை.

அதற்கும் முன்னால் போனால், நீங்கள் கையெடுத்துக் கும்பிடுகிற தஸ்தயேவ்ஸ்கி 1849-இல் 'நேதச்கா நெஸ்வானவா'வில் என்ன எழுதினார்? அநாதைச் சிறுமி நேதச்காவும் இளவரசனின் மகள் காத்யாவும் ஒருவரையொருவர் பார்த்து ஏங்கி, பொறாமைப்பட்டு, கடைசியில் அழுகையும் சிரிப்புமாக முத்தமிட்டுக்கொள்ளும் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் அவரைக் கைது செய்ததால் நாவல் நின்றே போனது. சிறுமிகளின் பிரியம்தானே என்பீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 'அன்னா கரீனினா'வில் கிட்டி ஜெர்மன் நீரூற்று ஊரில் வாரென்காவைக் கண்டதும் மயங்கிப்போவதைத் தமிழில் படித்துவிட்டுத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்? வெளியிலிருந்து ஒருவரும் எதையும் ஏற்றவில்லை, ஐயா.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், வேறு எதற்கும் இல்லை, இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும். நாகர்கோவிலில் பள்ளிக்கூடம் படித்தபோது என்.சி.பி.எச். புத்தகக் கண்காட்சி வந்தால் அப்பா என்னைக் கூட்டிப்போவார். மாஸ்கோவில் அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்களும் ராதுகா புத்தகங்களும் கனமான அட்டையோடு, நம்ப முடியாத விலையில் கிடைக்கும். ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் நா. தர்மராஜனும் மொழிபெயர்த்ததைப் படித்துத்தான் நான் ரஷ்ய மொழி கற்கவே ஆசைப்பட்டேன். அந்தப் புத்தகங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. ஆனால் என் அலமாரியில் இருக்கும் அத்தனை மாஸ்கோ தமிழ்ப் புத்தகங்களிலும் சினோவியெவா-அன்னிபால் இல்லை, பர்னோக் இல்லை. எனக்கு நாற்பது வயதாகும்வரை அந்தப் பெயர்களே தெரியாது. இந்தத் தொகை நூலுக்கு நீங்கள் அழைத்தபோது, அந்தக் காலியிடத்தை நிரப்பத்தான் வந்தேன். மூன்று வருட வேலை. இப்போது அதே காலியிடத்தை என் பெயரைப் போட்டே அச்சடிக்கப் பார்க்கிறீர்கள்.

பர்னோக்குக்கு நீங்கள் செய்திருப்பது இன்னும் மோசம். ஒன்பது கவிதை கொடுத்தேன், மூன்று இருக்கிறது. மூன்றும் இயற்கை வருணனை. வாழ்க்கைக் குறிப்பில் "திருமணம் முறிந்தபின் தனிமையில் வாழ்ந்து மறைந்தார்" என்று ஒரு வரி புதிதாக முளைத்திருக்கிறது. அந்த வரியை எழுதியது யார்? பர்னோக் தனிமையில் வாழவில்லை. 1920-களின் நடுவிலிருந்து கணிதப் பேராசிரியர் ஓல்கா ட்சுபெர்பில்லரோடு வாழ்ந்தார். பகுமுறை வடிவ கணிதத்தில் ட்சுபெர்பில்லர் எழுதிய பயிற்சிக் கணக்குப் புத்தகம் சோவியத் கல்லூரிகளில் பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது. 1932-இல், தன் கடைசி நாட்களில், பர்னோக் இயற்பியலாளர் நீனா வெதனேயெவாவைக் காதலித்தார். இறப்பதற்குமுன் எழுதிய ஆகச் சிறந்த கவிதைகள் அவருக்காக எழுதியவை. அதில் ஒரு வரிசைக்கு வானத்து நட்சத்திரக் கூட்டத்தின் பெயரை வைத்தார். தமிழில் நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்வோம். ரஷ்ய மொழியில் அது ஒரு பெரிய பெண் கரடி. சப்தரிஷி என்று போட்டிருந்தால் பர்னோக்கின் தலைப்பில் ஏழு தாடிக்கார முனிவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் 'பெரும் பெண்கரடி' என்றே எழுதினேன். அந்தக் கவிதைகளைத்தான் எடுத்துவிட்டீர்கள்.

பர்னோக் வாழ்ந்தபோதே இதை அனுபவித்தவர். 1922-இல் பண்டைக் கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போவின் சாயலில் 'பியேரியாவின் ரோஜாக்கள்' எழுதினார். 1928-இல் வந்த கடைசித் தொகுப்பின் பெயரே 'தணிந்த குரலில்'. அதில் அச்சானது 200 பிரதி. அதற்குப்பின் 1933 ஆகஸ்டில் இறக்கும்வரை அவர் பெயரில் ஒரு கவிதை நூலும் வரவில்லை. மொழிபெயர்ப்பு செய்து வயிறு கழுவினார். ஒருபாலுறவுக்கு எதிரான ஜாரின் சட்டமும் சரி, 1934-இல் ஸ்டாலின் கொண்டுவந்த சட்டமும் சரி, ஆண்களைத்தான் தண்டித்தன. பெண்களைப் பற்றி அந்தச் சட்டங்களில் ஒரு சொல் கிடையாது. பர்னோக்கை யாரும் சிறையில் போடவில்லை. அச்சடிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். லெனின்கிராதில் கிரேக்க, பைசாந்திய இலக்கியம் ஆராய்ந்துகொண்டிருந்த சோஃபியா பொல்யகோவா என்ற அறிஞர் கவிதைகளைத் தேடிச் சேர்த்து, 1979-இல் அமெரிக்காவில் நூலாக வரச் செய்தார். பர்னோக் இறந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்வெத்தாயெவாவின் 'தோழி' வரிசை முழுதாக அச்சானதும் அவர் இறந்து 35 ஆண்டு கழித்து, 1976-இல், பாரிசில்தான்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. 1976 ஜனவரி 1 அன்று சோவியத் தொலைக்காட்சியில் எல்தார் ரியசானவ் இயக்கிய நகைச்சுவைப் படம் ஒன்று வந்தது. இன்றுவரை ரஷ்யக் குடும்பங்கள் புத்தாண்டு இரவில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பார்க்கின்றன. அதில் அல்லா புகச்சோவா பாடும் பாட்டு ஒன்று, கலங்கிய கண்ணாடி முன்னால் நின்று உங்கள் பாதை எங்கே போகிறது என்று கேட்டறிய வேண்டும் என்று தொடங்கும். அது 'தோழி' வரிசைக் கவிதை. பர்னோக்குக்கு எழுதியது. அதே இயக்குநர் 1984-இல் எடுத்த இன்னொரு படத்தில், பட்டுப்போன்ற போர்வைக்குள் படுத்துக்கொண்டு நேற்று நடந்ததை நினைத்துப் பார்க்கும் பாட்டு வருகிறதே, வேட்டையாடியது யார், சிக்கியது யார், விடாமல் கொர்ரென்றுகொண்டிருந்த சைபீரியப் பூனைக்கு என்ன புரிந்தது என்று? அதுவும் அவருக்கு எழுதியதுதான். "குடும்பத்தோட படிக்கிற புத்தகம்" என்றீர்கள். ஒரு நாடே இந்தக் கவிதைகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. யாருக்கு எழுதியது என்பதை மட்டும் பலருக்கும் சொல்லாமல் விட்டார்கள். அதைச் சொல்வதுதான் ஒரு தொகை நூலின் வேலை.

மூன்றாவது காரணமாக, அங்கேயே இப்போது தடை இருக்கிறது, உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும்போது சிக்கலாகும் என்றீர்கள். உண்மையை மறைக்காமல் சொன்ன ஒரே காரணம் இதுதான், அதற்காக நன்றி. 2022 டிசம்பரில் ஒருபால் உறவு பற்றிய 'பிரச்சாரத்தை'த் தடுக்கும் அந்தச் சட்டம் எல்லா வயதினருக்குமான புத்தகங்கள்வரை விரிந்ததும், 2023 நவம்பர் 30 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் 'சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்' என்ற ஒன்றையே தீவிரவாதம் என்று அறிவித்ததும் எனக்கும் தெரியும். அதன் கீழே வேலை செய்யும் பதிப்பாளர்கள் 2024-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? இத்தாலிய இயக்குநர் பசோலினியின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோது, சட்டம் அனுமதிக்காத பத்திகளின்மேல் கறுப்புப் பட்டை அடித்து, அந்தக் கறுப்போடே அச்சிட்டு விற்றார்கள். எவ்வளவு போயிருக்கிறது என்பதை வாசகர் கையில் பிடித்துப் பார்க்க முடிந்தது. நம் புத்தகம் சிவகாசியில் அச்சாகப் போகிறது. உங்களைத் தடுக்கும் சட்டம் இங்கே எதுவும் இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று நம் உச்ச நீதிமன்றம் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய பிரிவு 377 குறித்து என்ன சொன்னது என்பது ஊரறிந்தது. அப்படியிருந்தும் நீங்கள் தழும்புகூடத் தெரியாமல் வெட்டியிருக்கிறீர்கள். 'நாயகர்கள்' என்று படிக்கும் வாசகருக்கு அங்கே ஒரு கை வைத்தது எப்படித் தெரியும்?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரியில் அந்த ஆறு வேஃபர் கவிதையை வாசித்தேன். கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவி வந்து நின்றாள். "மேடம், அது ரெண்டு பேரும் பொண்ணுங்கதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எந்த வருஷம்?" 1915. கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்புறம் ஆண்டை எழுதி, கீழே 'பர்னோக்' என்று எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டு போனாள். வேறு ஒன்றும் பேசவில்லை. புத்தகம் வந்ததும் அவள் கல்லூரிக்கு ஒரு பிரதி அனுப்புவதாக அங்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இப்போதிருக்கும் மெய்ப்பை என்னால் அங்கே அனுப்ப முடியாது.

ஆகவே கேட்கிறேன். ஸ்வெத்தாயெவாவின் ஏழு கவிதைகளையும் என் பிரதியில் உள்ளபடி, 'தோழி' என்ற தலைப்போடும், 'நீங்கள்' என்ற விளியோடும், அடிக்குறிப்புகளோடும், முதல் கவிதையின் கடைசி நான்கு வரிகளோடும் போடுங்கள். 'முப்பத்து மூன்று விகாரங்கள்' முழுதாக நூலுக்குள் வர வேண்டும். பக்கம் கூடுகிறது என்றால் என் முன்னுரையைச் சுருக்கிக்கொள்ளுங்கள், கதையைச் சுருக்காதீர்கள். பர்னோக்கின் மீதி ஆறு கவிதைகளைச் சேருங்கள். "தனிமையில் வாழ்ந்து" என்ற பொய்யான வரியை நீக்கிவிட்டு ட்சுபெர்பில்லரின் பெயரையும் வெதனேயெவாவின் பெயரையும் எழுதுங்கள். இந்தத் தொகையில் என்னைத் தவிர வேறு மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிரதியில் எங்கெல்லாம் கை வைத்தீர்கள் என்பதை அவரவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இதில் எதையாவது செய்ய முடியாது என்று குழு முடிவெடுத்தால், எந்தப் பக்கத்தில் என்ன நீக்கப்பட்டது, யார் முடிவில் நீக்கப்பட்டது என்று நூலின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அதுவும் முடியாதென்றால் என் மொழிபெயர்ப்புகள் அனைத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், என் பெயர் நூலில் எங்கும் வரக்கூடாது. வாங்கிய முன்பணத்தை அன்றே அனுப்பிவிடுகிறேன். மாற்றிய வடிவத்தில் என் பெயரோடு அச்சிட்டால், பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 57 எனக்குத் தரும், என் எழுத்தைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையைப் பயன்படுத்துவேன்.

20-ஆம் தேதி கோப்பு சிவகாசிக்குப் போகிறது என்றீர்கள். 18-ஆம் தேதிக்குள் பதில் எழுத்தில் வேண்டும். தொலைபேசியில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தொகை நூலின் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருத்தி